முகமறியா ஊரில் ஒரு முஸாபிர்

பிள்ளை வெளிநாடு போய்ச் சேர்ந்தான் என்று செய்தி வந்ததும் வீட்டிலுள்ளவர்கள் முதலில் கேட்பது, தங்க இடம் கிடைத்ததா, வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்பதைத்தான். இவ்விரண்டும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. கிடைப்பதற்கு அரியது வேறொன்று உண்டு. வீதியில் இறங்கினால் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லை. காய்ச்சலில் படுத்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஆள் இல்லை. பேசுகிறவர்களின் பாஷை புரியவில்லை. இந்தத் தனிமையை ஒரு முஸ்லிம் எவ்வாறு தாங்கிக் கொள்கிறான் என்பதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் சரித்திரம் நல்ல பாடமாக இருக்கிறது.

உலகம் சுற்றியவர் என்று பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களில் நாம் படித்த இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்தாம் அவர். அன்னார் கண்ட அரசர்களையும் அரண்மனைகளையும் பற்றி எழுதியோர் பலர். அந்நிய நாட்டில் ஒரு தனி மனிதராக அவர்கள் தம் நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பதை மட்டும் இங்கே காண்போம்.

புறப்பாடு

அவர்களுடைய இயற்பெயர் முஹம்மது. தந்தையார் பெயர் அப்துல்லாஹ். மொராக்கோ நாட்டின் வடகோடியிலுள்ள தன்ஜா என்னும் துறைமுகப் பட்டினத்தில் ஹிஜ்ரி 703 ரஜப் மாதம், அதாவது 1304 பிப்ரவரியில் பிறந்தார்கள். காழிகள் பலரைத் தந்த குடும்பம் அது. மாலிகி மத்ஹபின் சட்டங்களை ஊரிலேயே ஓதினார்கள். ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2-இல் (14-6-1325), ஹஜ்ஜுச் செய்யவும் மதீனா சென்று ஜியாரத் செய்யவும் நிய்யத்து வைத்து வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். அப்போது வயது இருபத்தொன்று. துணைக்கு ஒரு தோழர் இல்லை. சேர்ந்து செல்ல ஒரு காபிலாவும் இல்லை. பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தார்கள். பிரிவின் துயரம் அவர்களுக்கும் இருந்தது, இவர்களுக்கும் இருந்தது.

தில்மிஸான் நகரை அடைந்தபோது, தூனிஸ் நாட்டுத் தூதர்கள் இருவர் அன்றுதான் அவ்வூரை விட்டுப் புறப்பட்டிருந்தனர். அவர்களோடு சேர்ந்து போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். உடனே ஓடிவிடவில்லை. அல்லாஹ்விடம் இஸ்திகாரா செய்து, மூன்று நாள் தங்கித் தேவையானவற்றைச் சேகரித்துக் கொண்டு, அதன் பிறகே விரைந்து சென்று அவர்களை எட்டிப் பிடித்தார்கள். ஆனால் கோடை வெயில் கடுமையாக இருந்தது. மில்யானா என்ற ஊரில் தூதர்கள் இருவரும் நோயுற்றனர். அவர்களில் ஒருவர் வபாத்தானார். கிடைத்த துணையும் இவ்வாறு கலைந்து போகவே, தூனிஸ் வியாபாரிகள் சிலருடன் பயணம் தொடர்ந்தது.

பிஜாயா என்ற பட்டினத்தில் இவர்களையே காய்ச்சல் பற்றிக் கொண்டது. குணமாகும் வரை தங்கும்படி உடன் வந்தவர்களில் ஸுபைதீ என்ற பெரியவர் சொன்னார். இவர்கள் இணங்கவில்லை. மௌத்து விதிக்கப்பட்டிருந்தால் அது ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே வரட்டும் என்றிருந்தார்கள். அந்தப் பெரியவர் கோபித்துக் கொள்ளவில்லை. வாகனப் பிராணியையும் கனத்த சாமான்களையும் விற்றுவிடச் சொல்லி, தம்முடைய பிராணி ஒன்றையும் ஒரு கூடாரத்தையும் இரவல் கொடுத்தார். அடுத்து குஸன்தீனா நகருக்கு வெளியே பெருமழையில் நனைந்து, சேறு படிந்த உடையுடன் நின்றபோது, அவ்வூர் அதிகாரி அந்த உடையை வாங்கித் துவைக்கச் செய்தார். கிழிந்து போயிருந்த மேலாடைக்குப் பதிலாகப் புதியதொன்றை அனுப்பினார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடியப்பட்டிருந்தன.

இத்தனை பேர் உதவியும் உடல் தேறவில்லை. வழியில் கொள்ளையர் பயம் இருந்ததால் எங்கும் இறங்கி இளைப்பாறவும் முடியவில்லை. காய்ச்சலின் களைப்பில் கீழே விழுந்து விடாதிருக்கத் தம் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக் கொண்டு பயணம் செய்தார்கள்.

தூனிஸில் வடித்த கண்ணீர்

இந்நிலையில் காபிலா தூனிஸ் நகரை அடைந்தது. ஊரார் திரண்டு வந்து வரவேற்றனர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவரைத் தேடிப் போய் ஸலாம் சொன்னார்கள், முஸாபஹா செய்தார்கள், வீட்டு விசேஷங்களை விசாரித்தார்கள். இப்னு பதூதாவை அங்கே யாரும் அறியார். ஆகவே அவர்களுக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் வரவில்லை. நோயையும் மழையையும் கொள்ளையர் பயத்தையும் தாங்கிய அந்த வாலிபரால் இதைத் தாங்க முடியவில்லை. கண்ணீர் பெருகி அழுதுவிட்டார்கள்.

கூட்டத்தில் இருந்த ஹாஜிகளில் ஒருவர் இதைக் கவனித்தார். அருகில் வந்து ஸலாம் சொன்னார். ஆறுதலாகப் பேசிக் கொண்டே ஊருக்குள் நுழையும் வரை கூடவே நடந்தார். அவர் காசு கொடுக்கவில்லை, வீடு கொடுக்கவில்லை. அவர் செய்தது அவ்வளவுதான். ஆயினும் முப்பது ஆண்டுகள் கழித்து, எத்தனையோ ஸுல்தான்களின் பரிசுகளைக் கண்ட பின்னர் தம் பயண வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோது, அந்த ஒரு ஸலாமை அவர்கள் மறவாமல் குறிப்பிட்டார்கள்.

அன்று தூனிஸில் ஒரு மதரஸாவில் தங்கினார்கள். நோன்புப் பெருநாளையும் அவ்வூரிலேயே கழித்தார்கள். பிறகு ஹிஜாஸுக்குப் புறப்பட்ட காபிலா, ஓதிய பிள்ளை என்று கண்டு, இவர்களையே தன் காழியாக நியமித்துக் கொண்டது. அழுது கொண்டு ஊருக்குள் வந்தவர், சில மாதங்களில் அந்தக் கூட்டத்தாரின் வழக்குகளைத் தீர்ப்பவராக வெளியே சென்றார்கள். தம் கையிலிருந்த கல்வியை ஊரார்க்குப் பயன்படுத்தியதால் அந்நியர் என்ற நிலை தானே நீங்கியது.

பாஷை தெரியாத நாடு

ஹஜ்ஜை நிறைவேற்றிய பின்னும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. 1330-க்குப் பிந்திய ஆண்டுகளில் துருக்கியர் வாழ்ந்த அனடோலியாவுக்குப் போனார்கள். அதுவரை சென்ற இடங்களில் பெரும்பாலும் அரபி பேசப்பட்டது. இங்கே அது உதவவில்லை. ஓர் ஊரில் நெய் வாங்கிவர ஆள் போயிற்று. அரபியில் நெய்க்கு ஸம்ன் என்று பெயர். கடைக்காரர் காசை வாங்கிக் கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் வைக்கோலைக் கொண்டு வந்து நீட்டினார். துருக்கி பாஷையில் ஸமான் என்றால் வைக்கோலாம்! கேட்டவர் மீதும் குற்றமில்லை, கொடுத்தவர் மீதும் குற்றமில்லை.

பாஷை தெரியாமையால் அச்சமும் வந்தது. லாதிக் என்ற நகரின் கடைவீதியில் நுழைந்தபோது, கடைகளிலிருந்து சிலர் இறங்கி வந்து இவர்களுடைய குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தனர். வேறு சிலர் ஓடி வந்து முன்னவர்களோடு சண்டைக்கு நின்றனர், கத்திகளும் உருவப்பட்டன. கொள்ளையரிடம் அகப்பட்டோம் என்றே இவர்கள் நடுங்கினார்கள். நல்லவேளையாக அரபி தெரிந்த ஹாஜி ஒருவர் அங்கு வந்தார். விசாரித்ததில், முஸாபிர்களைத் தங்கள் விருந்தினராக அழைத்துப் போவது யார் என்பதில்தான் இரு கூட்டத்தாருக்கும் சண்டை என்று தெரிந்தது! சீட்டுப் போட்டு, முதலில் ஒரு கூட்டத்தாரிடமும் பிறகு மற்றவரிடமும் தங்கினார்கள்.

இவர்கள் அகீ என்றழைக்கப்பட்ட சகோதரக் கூட்டத்தினர். பகலெல்லாம் தொழில் செய்து, சம்பாதித்ததை மாலையில் தங்கள் தலைவரிடம் ஒப்படைப்பார்கள். அதில் பழமும் உணவும் வாங்கி, அன்று ஊருக்கு வந்த வழிப்போக்கருக்குத் தங்கள் தைக்காவில் விருந்து வைப்பார்கள். வழிப்போக்கர் யாரும் வராவிட்டால் தாங்களே கூடி உண்பார்கள். அந்தாலியா நகரில் பழைய உடையும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் வந்து இப்னு பதூதாவை விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழைக்கு நாம் சிரமம் தரலாமா என்று இவர்கள் தயங்கினார்கள். அவரோ தோல் தைக்கும் தொழிலாளி. சுமார் இருநூறு தொழிலாளர்களின் தலைவர். அன்றிரவு அவருடைய தைக்காவில் விரிப்புகளையும் விளக்குகளையும் கண்டு வியந்தார்கள். ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்று நம் மார்க்கம் வைத்திருப்பதன் உட்பொருளை அந்தத் தொழிலாளர்கள் நடைமுறையில் காட்டினார்கள்.

தொழுகையில் வந்த சந்தேகம்

கருங்கடல் ஓரத்தில் சினோப் என்ற பட்டினம் இருக்கிறது. கப்பலுக்காக ஏறத்தாழ நாற்பது நாட்கள் அங்கே காத்திருக்க நேர்ந்தது. அங்குள்ளோர் ஹனபிகள். நம் நாட்டில் ஹனபிகள் தொப்புளுக்குக் கீழும், ஷாபியீகள் தொப்புளுக்கு மேலும் தக்பீர் கட்டுவதை நாம் அறிவோம். மாலிகிகளில் பெரும்பாலோர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார்கள். இவர்கள் அவ்வாறு தொழுவதைக் கண்ட ஊரார், வேறு கொள்கையினரோ என்று ஐயுற்றனர். மாலிகி என்று சொல்லியும் சிலருக்கு நம்பிக்கை வரவில்லை.

அவ்வூர் அதிகாரி ஒரு முயலை அனுப்பி, இவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வரும்படி பணியாளருக்குச் சொல்லி விட்டார். அவர்கள் சந்தேகித்த கொள்கையினர் முயல் இறைச்சி உண்பதில்லை. இப்னு பதூதா அதை அறுத்துச் சமைத்து உண்டார்கள். செய்தி போயிற்று, சந்தேகம் நீங்கிற்று, விருந்துகள் வந்து சேர்ந்தன. இதில் இரு தரப்பாருக்கும் பாடம் உண்டு. ஊராருக்காக அவர்கள் தம் தொழுகை முறையை மாற்றவும் இல்லை. தம் முறைதான் சரியென்று ஊராரோடு வாதிடவும் இல்லை. ஊராரும் சந்தேகத்தின் பேரில் பள்ளியை விட்டு விரட்டாமல், விசாரித்துத் தெளிந்தார்கள்.

தில்லியும் கள்ளிக்கோட்டையும்

1333-இல் சிந்து நதியைக் கடந்து இந்தியாவுக்கு வந்தார்கள். தில்லியில் ஸுல்தான் முஹம்மது பின் துக்ளக், ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளத்தில் காழி பதவி தந்தார். தாம் மாலிகி, ஊராரோ ஹனபிகள், அவர்களின் பாஷையும் தமக்குத் தெரியாது என்பதை இவர்கள் மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். ஸுல்தான் உதவிக்கு இருவரை நியமித்தார்.

பதவி இருந்தும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. அந்நிய நாட்டில் கௌரவமாக வாழ வேண்டும் என்ற எண்ணம் பொல்லாதது. ஸுல்தானுக்குக் காணிக்கை வாங்கவும் பெரிய மனிதர் போல் செலவு செய்யவும் வியாபாரிகளிடம் கடன் பட்டார்கள். கடன் 55,000 தீனார் வரை ஏறியது. ஸுல்தானே அதை அடைக்க ஏற்பாடு செய்த பிறகுதான் மூச்சு வந்தது. பிறகு ஸுல்தானின் வெறுப்புக்கு ஆளான ஒரு ஷைகைச் சந்தித்ததற்காக இவர்கள் மீதும் கோபம் திரும்பியது. காவலர் நால்வர் இரவும் பகலும் உடன் நின்றனர். உயிருக்கு உறுதியில்லாத அந்நாட்களில் ஐந்து நாள் நோன்பிருந்து, தண்ணீரால் மட்டும் நோன்பு திறந்து, நாளுக்கொரு முறை குர்ஆனை ஓதி முடித்தார்கள். அல்லாஹ் அவர்களைக் காப்பாற்றினான்.

ஏறத்தாழ எட்டாண்டுகளுக்குப் பின் ஸுல்தான் அவர்களைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் தயாராக நின்றன. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காக அவர்கள் கரையில் தங்கினார்கள். அன்றிரவு புயல் வந்தது. ஸுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய பெரிய மரக்கலம் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். இவர்களுடைய குடும்பத்தாரும் உடைமைகளும் இருந்த மற்றொரு கலம் இவர்களை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டது. கையில் மிஞ்சியவை பத்து தீனாரும், விரித்துப் படுத்திருந்த ஒரு விரிப்பும்தான். தன்ஜாவை விட்டபோது இருந்த தனிமை, பதினேழு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்து நின்றது.

நம் பக்கத்தில்

அதன் பிறகு மாலத்தீவுக்குச் சென்று அங்கும் காழியானார்கள். ஜும்ஆவுக்கு வராதவர்களைத் தண்டித்தார்கள். பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற உத்தரவிட்டார்கள், அது நடைபெறவில்லை. வந்த ஊரின் வழக்கத்தை அதிகாரத்தால் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்பதை அத்தீவு அவர்களுக்குக் காட்டியது.

பின்னர் இலங்கையைக் கண்டு, தமிழகக் கரைக்கு வந்தார்கள். கரை நெருங்கும்போது கப்பல் உடைந்தது. மதுரையில் அப்போது ஸுல்தான் கியாஸுத்தீன் ஆட்சி செய்தார். அவருடைய மனைவியின் சகோதரியை இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார்கள். ஆகவே உறவினர் என்ற உரிமை இருந்தது. ஆயினும் மதுரையில் கொள்ளை நோய் பரவியிருந்தது. ஸுல்தானின் குடும்பத்தார் இறந்தனர், ஸுல்தானும் இறந்தார். இவர்களைக் கடுங்காய்ச்சல் பற்றியது. இதுவே முடிவு என்று எண்ணிய வேளையில், அவ்வூரில் தாராளமாகக் கிடைத்த புளியைப் பற்றி அல்லாஹ் உள்ளத்தில் உதிக்கச் செய்தான். ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். மூன்று நாள் பேதியாகிக் காய்ச்சல் விட்டது. நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் அதே புளிதான்! தன் ஊர் மருந்து கிடைக்கவில்லையே என்று ஏங்கிக் கிடக்காமல், வந்த ஊரில் அல்லாஹ் வைத்திருப்பதை எடுத்துக் கொண்டார்கள்.

சீனாவில் ஒரு நாட்டுக்காரர்

பிறகு சீனாவுக்குச் சென்றதாக அவர்களின் நூல் கூறுகிறது. அந்தப் பகுதியின் சில விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுவதும் உண்டு. அந்நாட்டின் செழிப்பைப் புகழ்ந்தாலும், அங்கே தம் மனம் ஒட்டவில்லை என்கிறார்கள். வெளியே போனால் மனத்துக்கு ஒவ்வாதவற்றைக் காண நேர்ந்தது. ஆதலால் அவசியம் இருந்தாலன்றி வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஒரு முஸ்லிமைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டது போலிருந்தது.

அங்கே ஒரு நாள் ஓர் ஆலிம் சந்திக்க வந்தார். அவர் முகத்தையே இவர்கள் உற்று உற்றுப் பார்த்தார்கள். விசாரித்ததில் அவர் தன்ஜாவுக்கு அடுத்த ஸப்தா நகரத்துக்காரர் என்று தெரிந்தது. சொந்த ஊரின் பக்கத்து ஊர்க்காரரை உலகத்தின் மறுகோடியில் கண்டதும் இருவரும் கண்ணீர் விட்டு அழுதார்கள். இருபதாண்டுப் பிரயாணமும் அந்த ஏக்கத்தை ஆற்றவில்லை. நாடு விட்டுப் போனவன் எத்தனை காலம் ஆனாலும், எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும், உள்ளுக்குள் இந்த ஏக்கம் இருந்தே தீரும். அது ஈமானின் பலவீனம் அல்ல.

திரும்பியபோது

1348-இல் டமாஸ்கஸ் நகருக்கு மீண்டும் வந்தார்கள். முன்பு அங்கே கர்ப்பிணியாக இருந்த மனைவியை விட்டுப் போயிருந்தார்கள். ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது எட்டியது; குழந்தைக்காக நாற்பது பொற்காசுகள் அனுப்பியிருந்தார்கள். இப்போது ஆவலோடு விசாரித்தபோது, அந்தக் குழந்தை இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. அங்கிருந்த தன்ஜாவூர்ப் பெரியவர் ஒருவர் மூலம், தந்தையார் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றும், தாயார் உயிருடன் இருக்கிறார்கள் என்றும் அறிந்தார்கள்.

தாயாரைக் காணும் ஆசையுடன் மேற்கு நோக்கித் திரும்பினார்கள். அக்காலத்தில்தான் பெருங்கொள்ளை நோய் நாடுகளை வாரிக் கொண்டு போனது. 1349-இல் சொந்த நாட்டின் எல்லைக்குள் நுழைந்து, தாஸா என்ற ஊரை அடைந்தபோது, தாயாரும் அந்நோயில் இறந்த செய்தி வந்து சேர்ந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தன்ஜாவுக்கு வந்தவர்களுக்கு, ஜியாரத் செய்யத் தாயாரின் கப்ருதான் இருந்தது.

இதன் பிறகும் ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கும் சென்று வந்தார்கள். ஸுல்தான் அபூ இனானின் உத்தரவின்படி, தம் பயணங்களை அவர்கள் சொல்ல இப்னு ஜுஸை என்பவர் எழுதினார். அந்நூல் 1355-இல் நிறைவு பெற்றது. பின்னர் தம் நாட்டிலேயே காழியாக இருந்து, ஹிஜ்ரி 770 வாக்கில் (1368-69) வபாத்தானார்கள்.

நமக்குரியது

அன்னாரின் வாழ்வில் இரு பக்கங்கள் தெரிகின்றன. தனியாகப் போகிறவர்கள் பிடித்துக் கொள்ள வேண்டியவை ஒரு பக்கம். இஸ்திகாரா, விடாத தொழுகை, ஜும்ஆ, ஓதிய கல்வியைப் பயன்படுத்துதல், வருமானத்துக்குள் வாழ்தல், ஊராரின் பாஷையையும் வழக்கத்தையும் பொறுமையோடு கற்றல் ஆகியவை அவை. இவற்றோடு பெற்றோரின் நினைவும் வேண்டும். அன்று ஒரு மரணச் செய்தி பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. இன்று நினைத்த மாத்திரத்தில் தாயின் குரலைக் கேட்கலாம், முகத்தையும் பார்க்கலாம். அந்த வசதி இருந்தும் வாரக்கணக்கில் பேசாதிருப்பவர்கள், தாஸா நகரில் அந்த மகன் கேட்ட செய்தியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறு பக்கம் ஊரில் இருப்பவர்களாகிய நம்முடையது. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முஸாபிர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே நல்லவர்களின் துணை கிடைக்கட்டும் என்று நாம் துஆச் செய்கிறோம். அதே வேளையில், வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வேலை தேடி வந்த இளைஞர்கள் நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் கடைசி ஸப்பில் நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும், நாம் தெரிந்தவர்களோடு பேசிக் கொண்டே வெளியேறுகிறோம். அவர்கள் தனியே செருப்பைத் தேடி அணிந்து கொண்டு போகிறார்கள். அவர்களுக்கும் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தாய் இதே துஆவைச் செய்து கொண்டிருக்கிறாள்.

அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் ஸலாம் சொல்லும்படி நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அறிந்தவர்க்குச் சொல்வதில் நமக்குச் சிரமம் இல்லை. அறியாதவர்க்குச் சொல்வதற்கு அவர்களுடைய பாஷை நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஸலாம் எல்லா நாட்டு முஸ்லிமுக்கும் ஒரே சொல்தான். வருகிற ஜும்ஆவில் இதனைத் தொடங்குவோமாக. அல்லாஹுத் தஆலா முஸாபிர்கள் அனைவரையும் காத்து, அவரவர் வீட்டுக்கு ஸலாமத்தாகத் திருப்பி அனுப்புவானாக. ஆமீன்.